கை படம் போட்ட நீல ட்ரம்

1

வருஷத்துக்கு ஒரு முறை இந்த நாட்டு அரசாங்கம் என்னிடம் மூத்திரம் கேட்கும். கூடவே கொஞ்சம் ரத்தம், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே. எல்லாம் சுத்தமாக இருந்தால் இன்னும் ஒரு வருஷம் கிள்ளானில் உட்கார்ந்து சாம்பார் கட்டலாம். இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றி, திருப்பூர்ப் பக்கம் என் ஊரான பெருமாநல்லூருக்கே அனுப்பி வைத்துவிடுவார்கள். மலேசியாவில் என்னைப் போன்றவர்கள் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் வழி இது. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்ட நான், தவறாமல் பாஸாகிற ஒரே பரீட்சையும் இதுதான். படிக்க வேண்டியதில்லை. முதல் நாள் நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்.

இந்த வருஷம் போனபோது நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். வெள்ளை மூடி. உடம்பு கண்ணாடி மாதிரி. மேலே என் பெயர் எழுதிய சீட்டு. வாங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த டப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் நான் தேங்காய்ச் சட்னி ஊற்றி மூடுகிற டப்பா. அளவும் அதே, மூடியும் அதே, அமுக்கினால் வருகிற 'டொக்' சத்தமும் அதே.

"என்னண்ணே, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"இதுல நாங்க சட்னி ஊத்துவோங்க."

"விளையாடாதீங்க லா. பின்னால ஆள் நிக்குது." இந்த ஊரில் எந்தப் பேச்சுக்கும் கடைசியில் ஒரு 'லா' உண்டு.

போனேன், நிரப்பினேன், 'டொக்' என்று மூடினேன். அதற்குப் பிறகு நான் சட்னி தொட்டுக்கொள்வதில்லை. இட்லிக்குச் சர்க்கரைதான்.

கடைசியாக டாக்டரம்மா. அவரும் தமிழ்தான். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்ன வேலை செய்றீங்க?"

"கட்டற வேலைங்க டாக்டர்."

"கட்டடமா?"

"இல்லீங்க, சாம்பார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பார்சல் மேசை என்னுடையது என்று விளக்கினேன். கொதிக்கிற சாம்பார், ரசம், மீன் குழம்பு எல்லாவற்றையும் மெல்லிசான பையில் ஊற்றி, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டால் சுற்றிக் கொடுப்பேன். நம் ஊரில் இதற்குப் பெயர் பார்சல். இங்கே தாப்பாவ். டீயையும் பையில் ஊற்றி, ஓரத்தில் கயிறு கட்டி, உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகிக் கொடுப்போம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்குத் தொங்குகிற பாட்டிலை ஒருவர் கையில் பிடித்து நடந்துபோவது மாதிரி இருக்கும்.

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. "சூடா ஊத்தினா பிளாஸ்டிக்ல உள்ள கெமிக்கல் சாப்பாட்டுல இறங்கும். எவ்ளோ இறங்கினா எவ்ளோ கெடுதல்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க, நான் சும்மா பயமுறுத்த மாட்டேன். ஆனா மாசமா இருக்கறவங்க, சின்னப் பிள்ளைங்க, இவங்க வீட்டுல தவிர்க்கறதுதான் நல்லது. உங்க வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களா?"

"எங்க அக்கா இருக்கறாங்க."

"அப்ப அவங்ககிட்ட சொல்லுங்க" என்று முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

2

அன்று சாயங்காலமே அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா பெயர் கலாமணி. திருப்பூர் நல்லூரில் ஒரு சந்து. முன்வீட்டில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும், பின்வீடு அவளுடையது. கல்யாணமாகி வெகுநாள் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் ஏறி இறங்கிய பிறகு, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவள் தும்மினால்கூட நாட்காட்டியைப் பார்ப்பார்கள்.

"இரு கண்ணு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்" என்று போனைச் சன்னல் திட்டில் சாய்த்து வைத்தாள். திரும்பி, இடுப்பு உயரத்துக்கு நின்ற நீல ட்ரம்மின் மூடியைத் திறந்து, சொம்பால் மொண்டு குடித்தாள்.

அந்த ட்ரம்மில் நானும் எத்தனையோ தடவை தண்ணீர் குடித்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் இன்னும் இருந்தது. சுற்றிலும் பூப்படம் ஒட்டி அழகு செய்து வைத்திருந்தாள். ஆனால் காலையில் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்த கண் வேறு கண்.

"அக்கா, அந்த ட்ரம்மக் கொஞ்சம் திருப்பு."

"எதுக்குடா?"

"அதுக்குப் பின்னாடி இன்னொரு மூஞ்சி இருக்கும். பாக்கோணும்."

ட்ரம்மைத் திருப்ப அவளால் முடியாது. போனை எடுத்துப் பின்பக்கம் காட்டினாள். பாதி கிழிந்த ஒரு சீட்டு. எழுத்தெல்லாம் போய்விட்டது. சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு படம் மட்டும் மிச்சம். குழாய் ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது, கீழே ஒரு கை.

அக்காவின் மாமியார் நாச்சம்மா அத்தை உள்ளே வந்தார். தம்பி என்ன பார்க்கிறான் என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுங்களா சாமி, கை கழுவிப்போட்டுத் தண்ணி மொள்ளோணும்னு போட்டிருக்கறாங்க. நாங்க எல்லாரும் கழுவிப்போட்டுத்தான் மொள்ளறது. என்ற மவன்கூட கழுவாம அதத் தொடமாட்டான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தைக்கும் சிரிப்பு. பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே படம் எங்கள் கடைக் கக்கூஸில் இருக்கிறது. கழுவ ஊற்றுகிற ஆசிட் கேனின் மேல். சொட்டு விழுகிற இடத்தில் கை அரித்துக் குழியாகியிருக்கும். கழுவச் சொல்கிற படம் இல்லை அது. தொட்டால் கை போய்விடும் என்று சொல்கிற படம்.

ஒரு குடும்பமே எவ்வளவு பக்தியாக அந்தப் படத்துக்குக் கட்டுப்பட்டு, கையைத் தேய்த்துக் கழுவி, சுத்தமான கையால் மொண்டு குடித்திருக்கிறது.

3

அந்த ட்ரம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அக்கா புருஷன் தங்கராசு மச்சான் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். துணியை வெளுப்பதற்கு ஒன்று, சாயம் ஒட்டிக்கொள்வதற்கு ஒன்று, பனியன் மெத்தென்று இருப்பதற்கு ஒன்று என்று மருந்துகள் இந்த நீல ட்ரம்களில்தான் வந்து இறங்கும். காலியானால் அதற்கு அவ்வளவு கிராக்கி. ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு முணுமுணுக்காமல் வந்தவனுக்குத்தான் முதல் ட்ரம் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். மச்சான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் முணுமுணுத்ததில்லை. ஆகவே நல்ல ட்ரம்மாகப் பார்த்து அவருக்குக் கிடைத்தது.

மொபெட்டின் பின்னால் கட்டி அவர் கொண்டுவந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஆரத்தி எடுக்காததுதான் குறை. புளி போட்டுத் தேய்த்தார்கள், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார்கள், மொட்டை மாடியில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்தார்கள். முதலில் ஊற்றிய தண்ணீர் நுரைத்தது. அதைக் கக்கூஸுக்கு வைத்துக்கொண்டார்கள். நுரை குறைந்ததும் துணி துவைக்க. நுரை நின்றதும் குடிதண்ணீர். ஒரு ட்ரம்முக்கு இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு கிடைத்து நான் பார்த்ததில்லை. வாடை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, புளிப்பும் நகப்பாலிஷும் கலந்த மாதிரி. பிறகு வாடை போய்விட்டதா, எங்கள் மூக்குப் பழகிவிட்டதா, தெரியாது.

ட்ரம்மைக் குறை சொல்லியும் பயன் இல்லை. நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலே அந்தச் சந்தில் திருவிழா. பிடித்து வைக்காவிட்டால் உப்புத் தண்ணீர்தான். சந்து முழுக்க நீல ட்ரம்கள். வாசலில் செருப்பு இல்லாத வீடு உண்டு, ட்ரம் இல்லாத வீடு கிடையாது.

நானும் சும்மா இருந்தவன் இல்லை. கிள்ளான் வருவதற்கு முன் பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். சட்டையை மடித்துப் போடுகிற பையில் ஏழெட்டு மொழியில் எழுதியிருக்கும்: இந்தப் பையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தமிழ் மட்டும் இருக்காது. அச்சு சரியில்லாத பைகளை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவோம். சுடச்சுடப் பஜ்ஜி வாங்கவும், பிள்ளைகளுக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுக்கவும் அந்தப் பைதான். சீமைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்கச் சொன்ன பையில் எங்கள் தெருக் குழந்தைகள் சோறு தின்றன.

டீ இன்னும் மோசம். கொதிக்கிற டீயைப் பையில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் வரிசையாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவார் டீக்கடைக்காரர். கறக்கப் போகிற மாட்டு மடி மாதிரி ஆடிக்கொண்டு வரும். பல்லால் முடிச்சைக் கடித்து, தொட்டால் நசுங்குகிற கப்பில் ஊற்றுவார். அந்த டீயில் ஒரு ருசி இருந்தது. கம்பெனி டீ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிள்ளானில் முதல் முதலாகக் கண்ணாடி கிளாசில் டீ குடித்தபோது, 'இதில் ஏதோ குறைகிறதே' என்று டீ மாஸ்டரிடம் புகார் சொன்னேன். குறைந்தது என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. பை.

4

மச்சானிடம் பேசினேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"ஏ மாப்ள, அங்க போயிச் சாம்பார் கட்டறன்னு சொன்ன. டாக்டருக்கு எப்பப் படிச்ச?"

"ஒரு டாக்டருக்கு மூத்திரம் குடுத்தேனுங்க மச்சான். அதுல வந்த அறிவு."

"இத்தன நாளா அதுலதான் குடிக்கறம். என்ன ஆயிப்போச்சு, சொல்லு பாக்கலாம்."

"என்னமோ ஆனதுக்கப்புறம் சொன்னா என்னைய ஒதைப்பீங்க. அதான் முன்னாடியே சொல்றேனுங்க. அக்கா இப்ப ஒரு ஆளுக்கா குடிக்கறா? ரெண்டு பேருக்குங்க."

"ட்ரம்ம வெளிய போட்டுட்டா தண்ணிய எதுல புடிக்கறது? உன்ற சட்னி டப்பாவுலயா?" என்றார். அவரே சிரித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அக்கா குரல் செய்தி ஒன்றை அனுப்பியிருந்தாள். கேலி எல்லாம் போய்ச் சின்னக் குரலாக இருந்தது. "டேய் கார்த்தி, நீ சொன்னதுல இருந்து எனக்குத் தண்ணி எறங்க மாட்டீங்குது. மொண்டு வாயில வெச்சாலே வயித்துல இருக்கறதுதான் நாபகம் வருது. ஆனா நானா எப்புடிடா சொல்லுவேன்? லீவே போடாம ஒழச்சு, ஆசையா கொண்டாந்து வெச்சது. மூஞ்சி சுண்டிப் போயிரும் அவுருக்கு. நீயே எதாச்சும் பண்ணு."

எதாச்சும் பண்ணு. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவனிடம் ஊரில் இருப்பவர்கள் கேட்பதெல்லாம் கடைசியில் இந்த இரண்டு வார்த்தைதான். சரி, குறும்பு பண்ணுவதற்கு வேலை அனுமதி தேவையில்லை.

5

எங்கள் பக்கத்தில் கட்டுச்சோற்று விருந்து என்று ஒன்று உண்டு. பிள்ளை உண்டாகியிருக்கிற பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், எல்லோருக்கும் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். அந்தச் சபையில் கூடப்பிறந்தவன் வைக்கிற சீரை யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாமியார், மாமனார், ஊர்த்தலைவர் யாராக இருந்தாலும் கையெடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கியதை மூலையில் போட்டால் தாய்மாமனுக்கு அவமரியாதை. நான் பிடித்துக்கொண்டது இந்த வழக்கத்தைத்தான்.

நல்லூரில் என் சிநேகிதன் சேவியர் இருக்கிறான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பேக்கிங்கில் எனக்கு அடுத்த மேசை. அவனைப் பாத்திரக்கடைக்கு அனுப்பி, குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் ட்ரம் ஒன்று எடுக்கச் சொன்னேன். புள்ளி வைத்துப் பெயரும் வெட்டச் சொன்னேன்: தாய்மாமன் கார்த்தி அன்பளிப்பு.

"ஏலே, பிள்ள பொறக்கும் முன்னாலயே மாமன்னு பேரு வெட்டுத. கூச்சமே கெடையாதா?" என்றான் சேவியர்.

"வெட்டு மாப்ள. அப்பத்தான் திருப்பிக் குடுக்க முடியாது."

விருந்தன்று எனக்கு மதிய நெரிசல். பார்சல் மேசையில் போனைச் சாம்பார்ச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்தேன். அங்கே சேவியர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினான்.

பெருமாநல்லூரிலிருந்து அம்மாவும் சொந்தக்காரப் பெண்களும் வேனில் வந்து இறங்கினார்கள். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. மணம் எனக்குக் கிள்ளான் வரை அடித்த மாதிரி இருந்தது. பிறகு சேவியர் போனைக் கீழே இறக்கி, சோறு வந்த பாத்திரங்களைக் காட்டினான். எல்லாம் பெயிண்ட் வாளி. சுவருக்கு அடித்து முடித்த வாளிகளைக் கழுவி, அதில் ஆவி பறக்கப் பறக்கச் சோற்றைக் கொட்டி மூடியிருந்தார்கள்.

"இங்க பாருலே" என்றான் சேவியர் மெதுவாக. "தயிர்ச்சோத்து வாளில எழுதியிருக்கு. மழ, வெயில் எதுக்கும் வெளுக்காதாம். கேரண்டி போட்டிருக்கான்."

என் கையில் ரசப் பை. அதுவும் சூட்டில் தளர்ந்து கன்னம் தொங்கியது. இந்தப் பக்கம் பை, அந்தப் பக்கம் வாளி. எனக்கு நாக்கில் அந்தப் புளிப்பும் நகப்பாலிஷும் ஊறி, காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் எவர்சில்வர் ட்ரம் வாசலில் வந்து இறங்கியது. சந்தே கூடிவிட்டது. நாச்சம்மா அத்தை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாய்மாமன் சீருன்னா இப்புடியல்லொ இருக்கோணும்!" மச்சான் அதில் வெட்டியிருந்த என் பெயரைத் தடவித் தடவிப் படித்தார்.

"எதுக்கு மாப்ள இம்புட்டுப் பெருசா?"

"உங்க ட்ரம்மு ரொம்ப நாளா ஒத்தையா ஒழச்சிருச்சுங்க மச்சான். இனி அது ஓய்வெடுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கை நிறைய வளையலோடு, கண்ணாலேயே எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வீட்டுக்குச் சாம்பார் கேட்டதற்கு மீன் குழம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். சைவ வீடு. முதலாளி அன்று பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

6

அக்கா பிரசவத்துக்குப் பெருமாநல்லூர் வந்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்துச் சேவியரிடம், மச்சான் வீட்டுப் பக்கம் போய் என் ட்ரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

"நல்லாருக்குலே. ராசா மாதிரி இருக்கு."

"எங்க இருக்கு?"

"பரண்ல."

கடையில் வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்கு மேல் பழைய சேலை ஒன்றைச் சுற்றி, தூசு படாமல் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். கீழே அதே நீல ட்ரம், அதே சொம்பு. சேவியர் காரணம் கேட்டானாம். நாச்சம்மா அத்தை அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாராம். "சீரு சாமானத்த அன்னாடத்துக்கு எடுத்துப் பொழங்குவாங்களா தம்பி? கீறல் உழுந்துரும். கொழந்தைக்குப் பேரு வெக்கறப்ப எறக்கலாம்."

தப்பு என்னுடையதுதான். மரியாதையான பொருளைக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் எதற்கு மரியாதை அதிகமோ அது பரணுக்குப் போகும். மரியாதை இல்லாததுதான் அடுப்படியில் நின்று உழைக்கும். நாளைக்கு அக்கா குழந்தையோடு அந்த வீட்டுக்குத் திரும்புவாள். பரணில் மாமன் பெயர் பளபளக்கும். கீழே, அரித்த கை படம் போட்ட ட்ரம்மிலிருந்து மொண்டு, காய்ச்சி, பிள்ளைக்கு ஊற்றுவார்கள். அதற்கு முன் எல்லோரும் கை கழுவியிருப்பார்கள்.

இங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளியிடம், பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு அப்பளம் கூடுதலாகக் கொடுக்கலாமே என்றேன். "நீ கட்டு லா" என்றார்.

கட்டினேன். அந்த வாரமே ரசப் பை ஒன்று சூட்டில் இளகி, ரப்பர் பேண்டைச் சுற்றும்போதே அடி பிய்ந்தது. கொதிக்கிற ரசம் முழுக்க என் இடது கையில்.

7

அக்காவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பிள்ளையைப் பார்க்கப் பெருமாநல்லூர் வந்திருந்தார். அதற்காக ஷிப்டுக்குப் போகாமல் இருந்தார் என்பதே ஊரில் பேச்சு. நான் வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா மடியில் பிள்ளை. பக்கத்தில் மச்சான், அதன் விரலைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டு. என் கையில் போட்டிருந்த மருந்துக்கட்டைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்ன மாப்ள கையில?"

கையைத் திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். "உங்க ட்ரம்மு மேல ஒரு கை இருக்குமல்லொ மச்சான். அது நான்தானுங்க."

"வெளையாடாத. கிளவுஸ் போட்டு வேல செய்யறதில்லயா? என்ன கண்ணு நீ, இம்புட்டு அசால்ட்டா? நாங்கெல்லாம் பட்டறையில கிளவுஸ் இல்லாம ட்ரம்மக் கிட்டத்துலயே போவ மாட்டம். மேல பட்டா தோல உரிச்சுப்போடும்!"

அக்கா பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"எந்த ட்ரம்முங்க?"

"அதான், பட்டறை ட்ரம்மு."

"நம்ம ஊட்ல இருக்கறது எந்தப் பட்டறைதுங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவள் போலக் கேட்டாள். மச்சான் வாயைத் திறந்தார். பிள்ளையைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்றாள் அக்கா. அவர் குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

8

அதற்கடுத்து நடந்ததைச் சேவியர் பார்த்துச் சொன்னான்.

மச்சான் பட்டறையிலிருந்து கிளவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். முழங்கை வரை வருகிற கறுப்பு கிளவுஸ். அதை மாட்டிக்கொண்டு, தன் வீட்டு அடுப்படிக்குள் போய், நாளும் தொட்டுக்கொண்டிருந்த அதே ட்ரம்மை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரைச் சாக்கடையில் சாய்த்து, வாசலுக்குத் தூக்கி வந்தாராம். சந்தில் எல்லோரும் பார்த்தார்களாம். நாச்சம்மா அத்தை மட்டும், "மொதல்ல கைய கழுவுடா" என்றாராம்.

எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள். "ஏனுங்கண்ணா, வேண்டாம்னா எனக்குக் குடுங்க. எங்குளுது அடியில ஒழுகுது. புளி போட்டுக் கழுவித் தண்ணி புடிச்சுக்கறேன்."

மச்சான் ட்ரம்மைப் பார்த்தார், அந்தக் குழந்தையைப் பார்த்தார். ஒரு குண்டூசியைக்கூட வீணாக்காத மனிதர். உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, ட்ரம்மின் அடியில் ஓங்கிக் குத்தினார். ஒரு ஓட்டை போதாது என்று இன்னும் இரண்டு மூன்று.

"குடுக்க மனசில்லீன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்லொ" என்று அந்தப் பெண் வெடுக்கென்று திரும்பிப் போனாள். இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அவரும் விளக்கம் சொல்லவில்லை. "என்ன மாப்ள சொல்றது அந்தப் புள்ளைகிட்ட? இத்தன நாளா நாங்க அதுலதான் குடிச்சம்னு சொல்றதா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

அக்கா நல்லூர் திரும்பிவிட்டாள். எவர்சில்வர் ட்ரம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. வெளிப்பக்கத்து பிளாஸ்டிக் உறையை மட்டும் அத்தை இன்னும் பிரிக்கவிடவில்லை. குழாய் வருகிற இடத்தில் கத்தரித்து விட்டிருக்கிறார். கையைக் கழுவிவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறார். இதில் படம் இல்லையே அத்தை என்றேன். "படம் இல்லாட்டி? சுத்தபத்தமா இருக்கறது நல்லதுதான சாமி" என்றார்.

என் கை ஆறிவிட்டது. தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது. முதலாளி நல்ல மனுஷன், மறுபடி சுடக் கூடாது என்று தடித்த கையுறை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையை மாற்றச் சொன்னேன், கையை மாற்றிவிட்டார்.

நேற்று மதியம் கடைக்கு ஒரு பெண் வந்தார். வேலைக்கு நடுவில் ஓடி வந்தவர், நிறை மாசம். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு சாம்பார், ஒரு ரசம்."

"பாத்திரம் எதாச்சும் இருக்குங்களா?"

"ஐயோ, அதெல்லாம் யாரு தூக்கிட்டு வருவா? சூடா ஊத்துங்க. ஒழுகாம ரெண்டு பை போட்டுக் கட்டுங்க அண்ணே, நேரமாச்சு."

முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறையை மாட்டிக்கொண்டேன். ரெண்டு பை போட்டுக் கட்டினேன். கை சுடவில்லை.